மலாயாவில் வானொலி ஆர்வலர்: பெட்டாலிங் குன்று முதல் மென்பொருள் ஏற்பி வரை

மலாயாவில் வானொலியை முதன்முதலாக ஒலிக்கச் செய்தது அரசாங்கமன்று, வாணிகக் கழகமுமன்று. தம் கைப்பொருளைச் செலவிட்டு, ஓய்வு நேரத்தை ஈந்து, ஊதியம் கருதாது உழைத்த சில தனி மனிதரே அதனைச் செய்தனர். மலேசிய வானொலி தன் பிறந்த நாளாகக் கொண்டாடுவது 1946ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாளை. ஒலிபரப்பு இலாகா நிறுவப்பெற்ற நாள் அது. ஆனால் அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்னரே, 1921இல், ஜொகூர் அரசாங்கத்தில் மின்பொறியாளராகப் பணியாற்றிய பெர்ச் என்னும் ஆங்கிலேயர் இந்நாட்டிற்கு முதல் வானொலிக் கருவியைக் கொணர்ந்துவிட்டார். 1923இல் அவர் ஜொகூர் வயர்லெஸ் சங்கத்தை அமைத்து, 300 மீட்டர் அலைவரிசையில் ஒலிபரப்பவும் தொடங்கினார். இலாகா பிறந்த நாள் வரலாற்றில் இடம்பெற்றது. சங்கம் பிறந்த நாளோ ஆராய்ச்சியாளர் ஒரு சிலருக்கே தெரிந்த செய்தியாகச் சுருங்கிவிட்டது.

இவர்களை ஆங்கிலத்தில் 'அமெச்சூர்' என்பர். 'அரைகுறையாகக் கற்றவன்' என்ற இழிபொருள் அச்சொல்லுக்குப் பிற்காலத்தில் ஏறியதாகும். இலத்தீன் மூலத்தில் அதன் பொருள் 'அன்பு பாராட்டுவோன்' என்பதே. தமிழில் 'பொழுதுபோக்கு வானொலியர்' என்று சிலர் எழுதுகின்றனர். அது பொருந்துவதாயில்லை. பொழுதைப் போக்குவதற்காக எவரும் நள்ளிரவில் விழித்திருந்து, இடியோசைக்கு நடுவே ஆயிரம் கல்லுக்கு அப்பாலிருந்து வரும் மெல்லிய குறியொலியைப் பிரித்தறிய முயல்வதில்லை. 'ஆர்வலர்' என்ற சொல் வள்ளுவர் காலம் முதல் நம்மிடம் இருக்கிறது. அதுவே ஏற்புடைத்து.

இதே ஆண்டுகளில் தமிழகத்திலும் இலங்கையிலும் நிகழ்ந்தவற்றை உடன்வைத்து நோக்கினால் மலாயாவின் நிலை தெளிவாகும். கொழும்பில் தந்தி இலாகாவின் தலைமைப் பொறியாளராயிருந்த எட்வர்ட் ஹார்ப்பர், முதல் உலகப் போரிற் பிடிபட்ட செருமானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உறுப்புகளைக் கொண்டு ஓர் அலைபரப்பி அமைத்து, 1923இல் இசைத்தட்டுகளை ஒலிபரப்பிப் பார்த்தார். 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கப்பெற்றது. சென்னையில் கிருஷ்ணசாமி செட்டியார் 1924 மே மாதம் 16ஆம் நாள் சென்னை மாகாண வானொலிக் கழகத்தைத் தோற்றுவித்து, அவ்வாண்டு ஜூலை 31இல் ஒலிபரப்பைத் தொடங்கினார். அவருடைய கருவியின் ஆற்றல் வெறும் 40 வாட்; பழைய இழை மின்விளக்கொன்றுக்கு ஈடான ஆற்றல் எனலாம். 1927இல் பொருள் முட்டுப்பாட்டினால் கழகம் நின்றுபோயிற்று. அதன் கருவிகள் நகராட்சியிடம் ஒப்படைக்கப்பெற்று, 1930 ஏப்ரல் 1 முதல் நகராட்சி ஒலிபரப்பாகத் தொடர்ந்தன. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்து மக்கள் கேட்டனர். அனைத்திந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16இல் பிறந்தபோது, அதற்கு முன்னே பதினான்கு ஆண்டு உழைப்பு நடந்து முடிந்திருந்தது.

ஆக, கொழும்பில் அரசாங்க அலுவலர் ஒருவரின் ஆர்வமும், சென்னையில் குடிமக்கள் கழகத்தின் ஆர்வமும் வித்தாயின. மலாயாவில் நடந்தது இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. பெர்ச் அரசாங்க ஊழியர். அவர் அமைத்ததோ தனியார் சங்கம். அவரைப் பின்பற்றிப் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சங்கங்கள் எழுந்தன. 1930இல் சிங்கப்பூர்த் துறைமுக வாரியத்தைச் சேர்ந்த அதிகாரி ஒருவர் இரு வாரத்திற்கொரு முறை சிற்றலையில் ஒலிபரப்பலானார். கோலாலம்பூர்ச் சங்கம் பெட்டாலிங் குன்றிலிருந்து 325 மீட்டரில், அதாவது ஏறத்தாழ 923 கிலோ ஹெர்ட்ஸில், தன் நிகழ்ச்சிகளை அனுப்பிற்று. 1934இல் பினாங்குச் சங்கம் தொடங்கிய நிலையம் மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழிலும் ஒலிபரப்பியது குறிப்பிடத்தக்கது. மலாயாவின் வானொலித் தமிழுக்கு அரசாங்கம் அன்று. ஆர்வலர் சங்கமே முதல் மேடை அமைத்தது.

பெட்டாலிங் குன்று எங்குளது? பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் ஆற்றைக் கடந்தால் அது அருகிலேயே உள்ளது. 1928இல் சீனச் செல்வர் சான் விங் அங்குக் கட்டிய மாளிகையே 1957 முதல் 2011 வரை பேரரசரின் அரண்மனையாக விளங்கி, இப்போது அரச அருங்காட்சியகமாக நிற்கிறது. அரண்மனையைக் காணச் செல்லும் மாணவர், அக்குன்றிலிருந்துதான் தலைநகரின் முதல் ஒலிபரப்பு எழுந்தது என்பதையும் அறிந்து மீளுதல் நன்று.

ஆற்றின் இக்கரையில் வாழ்ந்தோர் யார்? பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே ஊழியரின் குடியிருப்பு. இரயில்வேயிலும் அஞ்சல் தந்தி இலாகாவிலும் யாழ்ப்பாணத் தமிழரும் இந்தியத் தமிழரும் பெருந்தொகையினராகப் பணியாற்றினர். நிலையத்திற்கு நிலையம் வண்டி புறப்பட்ட செய்தியை மோர்ஸ் குறியில் தட்டியும் கேட்டும் பழகியவர்கள் அவர்களுட் பலர். வானொலிக் கருவி இந்நாட்டில் காலடி வைப்பதற்கு நெடுநாள் முன்னரே, புள்ளியும் கோடுமாகிய அம்மொழி தமிழ்ச் செவிக்குப் பழகியிருந்தது. ஆயினும் சங்கங்களின் வரலாற்றில் நமக்குக் கிடைக்கும் பெயர்கள் பெரும்பாலும் ஐரோப்பியருடையவை. கருவி விலையுயர்ந்தது, அதனை வாங்கவல்லவர் துரைமாரும் செல்வருமே. கப்பார்ச் சாலையின் தோட்டங்களில் துரையின் பங்களாவில் வானொலி பாடியபோது, லயத்தில் இருந்தவருக்கு மின்விளக்கும் கிடையாது. தோட்டத் தொழிலாளர் வானொலியைப் பரவலாகக் கேட்கத் தொடங்கியது அவசரகாலத்தில், 1950களில்தான். புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொதுவில் வைக்கப்பட்ட கருவிகளைச் சுற்றிக் கூடிக் கேட்டனர். அவ்வொலிபரப்பின் நோக்கம் அரசாங்கப் பிரசாரம் என்பதை மறைப்பதற்கில்லை. கேட்டவர்கள் பாட்டுக்காகக் கேட்டனர் என்பதும் அதே அளவு உண்மை.

இனி, இந்நாட்டு ஆர்வலரின் இரு பகைகளைப் பற்றிக் கூறவேண்டும். ஒன்று இடி; மற்றொன்று வெப்பம். உலகில் இடிமழை மிகுந்த நிலப்பகுதிகளுள் கிள்ளான் பள்ளத்தாக்கும் ஒன்று. ஆண்டில் ஏறத்தாழ 200 நாள் இங்கு இடி கேட்கிறது. மின்னல் ஒவ்வொன்றும் தானே ஓர் அலைபரப்பி. அதன் ஆற்றல் நடுவலையிற் பெரிதும் பரவி, கேட்போர் காதில் 'கரகர'வென்று விழும். இடி பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும் எழும். நிகழ்ச்சிகளும் மாலையில்தான் நடக்கும். ஐரோப்பாவில் நன்றாக வேலை செய்த நடுவலை இங்குத் தோற்றதற்கு இதுவே காரணம். வெப்பமண்டல நாடுகளுக்கெனச் சிற்றலையில் தனிப் பகுதிகள் அனைத்துலக உடன்படிக்கைகளில் ஒதுக்கப்பட்டதும் இதனாலேயே.

வெப்பம் வேறு வகையிற் கொல்லும். அக்காலக் கருவியின் வால்வுகள் தாமே அடுப்புப்போற் சுடுபவை. மூடிய மரப்பெட்டிக்குள் வெளி வெப்பமும் சேர்ந்தால், மின்தேக்கிகளில் ஈரம் புகாமல் பூசிய மெழுகு இளகி வழியும். ஈரமும் வெம்மையும் கூடிய இடத்தில் பூஞ்சணம் கம்பிச் சுருள்களின் உறையைத் தின்றுவிடும். இரண்டாம் உலகப் போரில் பர்மாவிலும் பசிபிக் தீவுகளிலும் நேசப் படைகளின் கருவிகள் பகைவர் சுடாமலே செத்தன. அதன்பின்தான் பூஞ்சணக் கொல்லி கலந்த மெருகெண்ணெய் பூசும் முறை பரவிற்று. மலாயாவின் ஆர்வலர் இதனை இருபது ஆண்டு முன்னரே பட்டறிந்தவர்கள். அவர்களை எவரும் கேட்கவில்லை.

1942 ஜனவரி 11இல் ஜப்பானியர் கோலாலம்பூரைக் கைக்கொண்டனர். அதுவரை விளையாட்டாக இருந்த கலை, அன்று முதல் உயிரை விலையாகக் கேட்கும் கலையாயிற்று. வானொலிப் பெட்டிகள் பதிவு செய்யப்பட்டன. வெளிநாட்டுச் சிற்றலையைக் கேட்டோர் கெம்பித்தாய்ப் படையின் சித்திரவதைக்கு ஆளாயினர். கிள்ளான் பள்ளத்தாக்கிற்கு வடக்கே, பேராக்கின் பாப்பான் சிற்றூரில், மருத்துவத் தாதி சிபில் கார்த்திகேசு மறைவாக ஒரு சிற்றலைக் கருவியை வைத்திருந்து, பி.பி.சி. செய்தியைக் கேட்டுப் பிறருக்கும் சொல்லிவந்தார். கருவிக்கு 'ஜோசபின்' என்பது மறைபெயர். கணவர் டாக்டர் கார்த்திகேசு யாழ்ப்பாணத் தமிழ் வழியினர். 1943இல் சிறைப்பட்ட அம்மையார் பட்ட கொடுமைகள் அவர் எழுதி 1954இல் வெளிவந்த நூலிற் காணலாம். போருக்குப்பின் ஜார்ஜ் பதக்கம் பெற்ற அவர், சிறையில் உண்டான காயங்களின் விளைவாக 1948இல் மறைந்தார். மறுபுறம், அதே 1943இல் நேதாஜி சிங்கப்பூர் வந்தபின், ஆசாத் ஹிந்து வானொலியின் குரலைக் கேட்கத் தமிழர் ஆவலோடு கூடினர். ஒரே ஆண்டில், ஒரே நாட்டில், ஒரு குரலைக் கேட்பது கடமையாகவும் மற்றொரு குரலைக் கேட்பது மரணமாகவும் இருந்தது. அலையைக் கேட்கும் உரிமை எத்துணைப் பெரிது என்று உணராதார் இவ்வரலாற்றைப் படித்தால் உணர்வர்.

போருக்குப்பின் ஆர்வலர் மீண்டும் கருவியெடுத்தனர். கூட்டரசு மலாயாவின் அழைப்புக்குறி 'வி.எஸ்.2' என்று தொடங்கிற்று. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் அது '9 எம் 2' ஆயிற்று. பிற்காலத்தில் '9 டபிள்யூ' என்னும் தொடக்கமும் சேர்ந்தது. மார்ட்ஸ் எனப்படும் மலேசிய வானொலி ஆர்வலர் சங்கம் அனைத்துலக ஒன்றியத்தில் இந்நாட்டின் உறுப்பு. 2007 அக்டோபரில் விண்வெளி நிலையம் சென்ற டாக்டர் ஷேக் முஸ்ஸாபரும் ஆர்வலர் குறி பெற்றே சென்று, அங்கிருந்து பள்ளி மாணவரோடு பேசினார். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை எழுந்தபோது, போர்ட் பிளேரில் ஆர்வலர் முகாமிட்டிருந்த பாரதி பிரசாத் அம்மையாரும் தோழரும், தொலைபேசி அறுந்த அந்தமானிலிருந்து செய்தி அனுப்பிய வரலாறு நன்கறிந்தது. இவற்றை விரிக்கின் பெருகும்.

இவ்வளவுக்கும் ஒரு தடை நீங்காமலே இருந்தது. அது விலை. நல்ல ஏற்பி ஒன்று ஆசிரியரின் பல மாத ஊதியத்தை விழுங்கும். அத்தடையை உடைத்தது, வியப்பாக, தொலைக்காட்சி பார்ப்பதற்கென விற்கப்பட்ட விரலளவுச் செருகி. கணினியிற் செருகும் அதனுள்ளே இருந்த சில்லொன்று, அலையைப் படமாக மாற்றுமுன் அதனை வெறும் எண்களாகவும் வெளியிட வல்லது என்பதை 2010க்கும் 2012க்கும் இடையில் ஆர்வலர் சிலர் கண்டறிந்தனர். செய்த நிறுவனம் விளம்பரப்படுத்தாத திறன் அது. 'மென்பொருள் வானொலி' என்னும் கருத்து 1990களின் தொடக்கத்திலேயே ஆராய்ச்சியாளரிடையே வழங்கியது. படைத்துறையின் கைப்பொருளாக இருந்தது. இப்போது இருநூறு வெள்ளிக்குள் எவருக்கும் கிட்டுவதாயிற்று.

அது வேலை செய்யும் வகையைச் சுருங்கச் சொல்லலாம். பழைய ஏற்பியில் ஒலியைப் பிரித்தெடுப்பது கம்பிச்சுருளும் மின்தேக்கியும். நிலையம் மாற வேண்டுமாயின் குமிழைத் திருகவேண்டும். மென்பொருள் ஏற்பி அவ்வாறன்று. வானலையை நொடிக்கு இருபத்து நான்கு லட்சம் முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் இரண்டு எண்களாகக் கணினிக்கு அனுப்பிவிடும். பிரித்தல், வடித்தல், பேச்சாக்கல் ஆகிய எல்லாத் தொழிலும் கணக்கே. ஆற்று நீரை மடையில் நின்று வாய்க்காலுக்குத் திருப்புவது பழைய முறை. ஆற்றையே அள்ளி வந்து வீட்டில் வைத்து வடிகட்டுவது புதிய முறை. திரையில் அலைகள் அருவிபோல் ஒழுகும் படத்தைப் பார்த்தே, எங்கு எவர் பேசுகிறார் என்று கண்ணால் அறியலாம். காது செய்த வேலையைக் கண் செய்கிறது.

பழம்பகை இங்கும் விடவில்லை. எல்நினோ வலுத்த 1998, 2016, 2024 ஆகிய ஆண்டுகளின் முன்பகுதி இந்நாட்டிற் கொடிய வெயிற்காலம். 1998 ஏப்ரல் 9இல் பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் 40.1 பாகை பதிவாயிற்று. அவ்வாண்டிலேயே கிள்ளான் பள்ளத்தாக்கில் நீர்ப்பங்கீடு வந்தது. 2016 ஏப்ரலில் பெர்லிசிலும் கெடாவிலும் 250க்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டன. வானிலைத் துறை, தொடர்ந்து மூன்று நாள் உச்ச வெப்பம் 35 பாகை எட்டினால் முதல் எச்சரிக்கை விடுக்கிறது. பிரிக்பீல்ட்ஸின் அடுக்கு வீட்டிலும் கிள்ளானின் தகரக் கூரைக் கடைவீட்டு மாடியிலும் அந்நாட்களில் மென்பொருள் ஏற்பி படும் பாடு தனி.

ஏற்பியின் நெஞ்சு ஒரு படிகக் கல். அதன் துடிப்பே அளவுகோல். வெப்பம் ஏறினால் துடிப்பு சற்றே பிறழும். மலிவான செருகிகளில் அப்பிறழ்ச்சி பத்து லட்சத்தில் 50 பங்கு வரை போகலாம். அற்பமென்று தோன்றும்; ஆனால் ஆர்வலர் வழங்கும் 145 மெகாஹெர்ட்ஸில் அது ஏழு கிலோ ஹெர்ட்ஸுக்கு மேலாகும். அடுத்த பேச்சு வரிசை பன்னிரண்டரை கிலோ ஹெர்ட்ஸ் தள்ளியிருக்கும்போது, இது பாதித் தொலைவு! 2017இல் நோபல் பரிசாளர் ஜோ டெய்லரும் ஸ்டீவ் பிராங்கும் அமைத்த எஃப்.டி.8 என்னும் எழுத்து முறையிலோ, குறிகளுக்கிடையே இடைவெளி ஆறேகால் ஹெர்ட்ஸ்தான். ஒரு செய்தி பதினைந்து நொடிக் கூறுக்குள் முடியும். அந்நேரத்திற்குள் படிகம் நழுவினால் எழுத்தே சிதைந்துபோம். செருகி மேலும் சுட்டால், உயர்ந்த அலைகளில் அதன் பூட்டு விட்டுப்போய், ஏற்பி செவிடாகிவிடும்.

ஆர்வலர் இதற்குக் கண்ட மருந்துகள் எளியவை. கேட்கத் தொடங்குமுன் அரைமணி நேரம் ஓடவிட்டுச் சூடு நிலைபெறச் செய்வர்; அலுமினியக் கூட்டில் அடைத்து வெப்பத்தைக் கடத்துவர்; வெப்பத்திற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் படிகமுள்ளதை வாங்குவர்; துல்லியமாக அறியப்பட்ட ஒரு நிலையத்தின் அலையோடு ஒப்பிட்டுப் பிழையைக் கணக்கில் தள்ளுவர். விசிறி வைக்கலாமே எனின், விசிறியின் மோட்டாரும் இரைச்சல் தரலாம். அதனினும் கொடிது அண்டை வீட்டார் குளிர்சாதனம். வெயில் முற்றிய இரவில் அடுக்கு வீட்டின் ஒவ்வொரு மாடத்திலும் அது ஓடுகிறது. அதன் மின்மாற்றுக் கருவி சிற்றலை முழுவதும் இரைச்சலைத் தூவுகிறது. 1930இல் இடி செய்ததை இன்று சுவர்ப்பெட்டி செய்கிறது. இடியேனும் மழை தந்தது.

வெயில் தீமை மட்டுமே தருவதென்றும் கூறவியலாது. காற்று அசையாத வெப்ப நாட்களில் கடல்மேற் குளிர்ந்த காற்றடுக்கும் அதன்மேற் சூடான அடுக்கும் படிந்து, உயர் அலைகளை வளைத்துக் குழாய்போற் கொண்டுசெல்லும். அப்போது கிள்ளான் கரையில் நின்று, வழக்கமாக எட்டாத சுமத்ராப் பண்பலை நிலையங்களைக் கேட்கலாம். வானிலைக் கோள்களின் படத்தைத் தாமே பிடித்துப் பார்ப்பதும் ஆர்வலர் வழக்கம். 137 மெகாஹெர்ட்ஸில் நெடுங்காலம் படம் அனுப்பிய அமெரிக்க நோவா கோள்கள் மூன்றும் 2025இல் ஓய்வு பெற்றன. இரண்டு கம்பித் துண்டுகளை வி வடிவில் விரித்து வைத்து, தீபகற்பத்தின்மேல் மேகமின்றிக் கிடக்கும் நிலத்தைத் தன் கையால் இறக்கிக் கண்ட மாணவன் புவியியற் பாடத்தை மறப்பதரிது. ரஷ்ய மீட்டியர் கோள்கள் அதே பகுதியில் படம் அனுப்பியுள்ளன. அவற்றுக்கு வேண்டிய மென்பொருள் சற்றுக் கடினமானது.

தமிழ்ப் பள்ளிகளுக்கு இதில் என்ன? கேட்பது மலிவாயிற்று, அலைபரப்ப மட்டும் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் தேர்வில் தேறி உரிமம் பெறவேண்டும். ஆணையம் 1998 முதல் இயங்குகிறது. தேர்வுக்குரிய பாடம் மின்னோட்டம், அலை, சட்டம் ஆகியவை. இடைநிலைப் பள்ளி மாணவன் கற்க இயலாதது ஒன்றுமில்லை. இல்லாதது தமிழ் நூல். ஏற்பி, அலைவரிசை, அழைப்புக்குறி என்று சொற்கள் உண்டு. அவற்றைக் கோத்து இந்நாட்டு மாணவனுக்குப் பாடமாக்கிய நூலை நாடினால் ஏமாற்றமே மிஞ்சுகிறது. துரை பங்களா வாயிலில் நின்று பாட்டுக் கேட்ட தலைமுறைக்கு வழியில்லை என்று சமாதானம் சொல்லலாம். இருநூறு வெள்ளிக் கருவியின் முன் அச்சமாதானம் செல்லாது.

வரலாற்றாசிரியருக்கும் இக்கருவி ஒரு புதிய வசதி தருகிறது; உடன் ஒரு கவலையும் தருகிறது. பெட்டாலிங் குன்றின் ஒலிபரப்பைப் பற்றி அறியப் பெரும்பாலும் அக்கால நாளேடுகளின் நிகழ்ச்சிப் பட்டியல்களும், கேட்டவர்களுக்குச் சங்கங்கள் அனுப்பிய ஒப்புதல் அட்டைகளுமே சான்று. குரலைச் சேமித்து வைக்கும் வழக்கம் அன்றில்லை. மென்பொருள் ஏற்பியோ ஒரு நிலையத்தை மட்டுமன்றி, நடுவலைப் பகுதி முழுவதையும் ஒரே வீச்சில் எண்களாகப் பதிந்துவிடும். ஐம்பது ஆண்டு கழித்து வருபவர், அன்றிரவு எந்நிலையத்தைக் கேட்க விரும்பினாலும் அப்பதிவில் 'திருகி'க் கேட்கலாம். பதிந்தவர் கவனியாத குரலையும் கேட்கலாம். ஆனால் அவ்வாறு பதிய ஒரு மணி நேரத்திற்குப் பதினேழு கிகாபைட்டு இடம் வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கின் ஓர் இரவு முழுவதையும் பதிந்தால் கணினி வட்டு நிறைந்துவிடும். விடிந்ததும் அதனை அழித்துவிட்டுத்தான் ஆர்வலர் அடுத்த இரவைப் பதிகின்றனர்.